ஊட்டித் தாமரை ஏலம் போன நாள்

எழுதத் தெரிந்தவர்கள் எழுதுகிற இடத்தில் நானும் வந்து உட்கார்ந்ததற்கு முதலில் பொறுத்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. நாலு பேருக்கு நடுவில் பேசச் சொன்னால் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். கூட்டத்தில் ஜெபம் பண்ணச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, கோயிலில் கடைசி வரிசைத் தூணுக்குப் பின்னால் உட்காருகிற ஆள் நான். போன மாதம் செம்பாக்கம் ஏரிக்கரையில் ஒரு பெண்ணிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வந்துவிட்டேன். அது மனதிலேயே கிடந்து உறுத்துவதால் எழுதிப் பார்க்கிறேன்.

காய்கறிப் பையோடு கரை வழியாக வந்துகொண்டிருந்தேன். கல்லூரிப் பிள்ளைகள் கொஞ்சம் பேர் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஏரிக்குள் இறங்கி, பச்சையாக எதையோ வாரி வாரிக் கரையில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். நான் நின்று பார்ப்பதைக் கண்டு ஒரு பெண் கையுறையோடு ஓடிவந்தாள்.

“ஆன்ட்டி, இது என்ன செடின்னு தெரியுமா? ஆகாயத்தாமரை. நம்ம ஊர் செடியே கிடையாது ஆன்ட்டி, தென் அமெரிக்கால இருந்து வந்தது. பூ அழகா இருக்குன்னு யாரோ கொண்டாந்து விட்டது. ஒண்ணே ஒண்ணு விட்டா போதும், குட்டி போட்டுக் குட்டி போட்டு ஏரியையே மூடிடும். வெயில் உள்ள போகாது, காத்து போகாது. மீனுக்கு மூச்சு முட்டிடும். கொசுவுக்கு மட்டும்தான் ஜாலி.”

மூச்சு விடாமல் சொன்னாள். நான் “அப்படியாம்மா” என்று சொல்லிவிட்டு நடந்தேன். அந்தச் செடியை எனக்கு ஒன்பது வயதிலிருந்தே தெரியும் என்றும், எங்கள் கோயிலில் அதை வெள்ளித்தாள் சுற்றி, பலிபீடமான ஆல்டருக்கு முன்னால் வைத்திருந்தோம் என்றும் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் குடும்பத்தில் மூன்று வீடுகள் செம்பாக்கத்தில் இருந்தன. எங்கள் வீடும் அத்தை வீடும் ஒட்டினாற்போல இருந்தன. பெரியப்பா வீடு ஏரிக்கரைப் பக்கம். எல்லோருக்கும் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கத்துப் பனங்காட்டு ஊர். ஆறு, குளம், நீர்ச்செடி என்பதெல்லாம் எங்கள் ஆட்களுக்கு அவ்வளவு பழக்கம் கிடையாது.

அத்தைக்கு ஒரு பெரிய குறை இருந்தது. அவள் வீட்டில் எதுவும் வளராது. கிணற்றுத் தண்ணீர் உப்பு, மண் களர். தக்காளி போட்டாள், ரோஜா வைத்தாள், மல்லிகைப் பதியன் வாங்கி வந்தாள். எல்லாம் இலை ஓரம் கருகி, பத்துப் பதினைந்து நாளில் குச்சியாகிவிடும். முருங்கைகூடப் பட்டுப்போன வீடு அது.

வேறு யாருக்காவது என்றால் இது பெரிய குறையாக இருந்திருக்காது. ஆனால் எங்கள் சபையில் வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகை வரும். அவரவர் தோட்டத்தில் விளைந்ததைக் கொண்டுவந்து ஆல்டருக்கு முன்னால் வைக்க வேண்டும். ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் ஏலம். ஒரு சுரைக்காய்க்கு இரண்டு பெரிய மனிதர்கள் வீம்புக்கு மோதிக்கொள்வார்கள், கூட்டம் கைதட்டும். நிலம் இல்லாத ரயில்வேக்காரர்களும் ஆபீஸ்காரர்களும் வாத்தியார்களும்தான் எங்கள் சபை. அதனாலேயே கொல்லையில் காய்த்த நாலு வெண்டைக்காய்க்கு அங்கே அப்படி ஒரு மரியாதை.

அத்தை மட்டும் தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கி, வீட்டில் விளைந்ததுபோலக் கொண்டுவந்து வைப்பாள். முந்தின வருஷம் ஒரு பூசணிக்காய் வைத்தாள். பெரியம்மா அதைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் கடைக்காரர் கத்தியால் கீறிய எடை நம்பர் இருந்தது.

“உன் தோட்டத்துல நம்பரோடயேதான் காய்க்குமா?” என்றாள் பெரியம்மா.

பெண்கள் பக்கம் முழுக்கச் சிரித்தது. அத்தை அன்றைக்குச் சாப்பிடவில்லை. அடுத்த பண்டிகைக்குள் தன் கையால், தன் வீட்டில், ஏதாவது ஒன்றை வளர்த்து வைக்காவிட்டால் கோயில் படியே ஏறுவதில்லை என்று எங்கள் சமையலறையில் வந்து அழுதாள். இது வெறும் பேச்சில்லை என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் குடும்பத்தில் கோபம் வந்தால் வருஷக்கணக்கில் நிற்கும்.

பெரியம்மா பெண்கள் பள்ளியில் உயிரியல் டீச்சர். அதிகம் பேச மாட்டாள், பேசினால் குத்தும். சிக்கனத்தில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. அவள் போடும் நார்த்தங்காய் ஊறுகாய் அந்த வட்டாரத்திலேயே பேர் போனது. வீட்டுக்கு வந்தவர்களுக்கு அதை டீஸ்பூன் நுனியில்தான் வைப்பாள். சாயங்காலமானால் தனியாக ஏரிக்கரையில் நடப்பாள். அங்கே என்னதான் பார்ப்பாளோ என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

மாமாதான் அத்தையைக் காப்பாற்றினார். மாமா என்றால் அத்தையின் கணவர். பாரிமுனையில் ஒரு ஆபீஸில் வேலை, தினமும் மின்சார ரயில். ஒரு சாயங்காலம் தண்ணீர் கட்டிய பிளாஸ்டிக் பையோடு வந்தார். உள்ளே பளபளவென்று பச்சை இலையோடு ஒரு செடி. இலைக்காம்பு ஒவ்வொன்றும் பலூன் மாதிரி உப்பியிருந்தது.

“சைதாப்பேட்டை ஸ்டேஷன் வாசல்ல ஒருத்தன் கூடைல வச்சு வித்துக்கிட்டிருந்தான். ஊட்டித் தாமரையாம். நேரா ஊட்டில இருந்து வர்ற சரக்காம். இதுக்கு மண்ணே வேண்டாமாம், தண்ணி இருந்தாப் போதுமாம்.”

அத்தை அப்படியே நின்றாள். “மண்ணு வேண்டாமா?”

“வேண்டாமாம்.”

“அப்ப என் வீட்டுலயும் வளருமா?”

இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. மாமாவும் அப்பாவும் சபையில் பாதிப் பேரும் தினமும் இரண்டு தடவை சைதாப்பேட்டைப் பாலத்தை ரயிலில் கடந்தவர்கள். கீழே அடையாற்றில் அதே செடி பாய் விரித்தாற்போலக் கிடந்தது. ஆனால் பாலம் வந்ததும் எல்லோரும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆற்றை யாரும் பார்த்ததே இல்லை. அந்த ஆள் ஆற்றில் சும்மா எடுத்ததைத்தான் கூடையில் வைத்து விற்றிருக்கிறான்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், தெருக்குழாய்த் தண்ணீர் பிடித்து வைக்கிற சிமெண்டுத் தொட்டியில் அத்தை அதை விட்டாள். அன்றிலிருந்து எனக்குக் காலையில் பல் தேய்க்கிற இடம் அத்தை வீட்டுத் தொட்டியடி ஆகிவிட்டது. நாலைந்து நாளில் செடி பக்கவாட்டில் தண்டு ஒன்றை நீட்டியது. அதன் நுனியில் ஒரு குட்டிச் செடி. அந்தக் குட்டி இன்னொரு குட்டி போட்டது. நான் வாயில் பிரஷ்ஷோடு நின்று கத்துவேன்: “அத்தே, இன்னொண்ணு! அத்தே, இங்கயும் ஒண்ணு!” அத்தை கரண்டியோடு ஓடிவருவாள். அவளுக்கு வாழ்நாளில் முதல்முறையாக ஒரு செடி, காய்ந்துபோவதற்குப் பதிலாகப் பெருகிக்கொண்டிருந்தது. ஞாயிறு பள்ளியில் அப்போதுதான் ஐந்து அப்பம் ஐயாயிரம் பேருக்கு வந்த கதை சொல்லியிருந்தார்கள். நான் தொட்டியைப் பார்த்துக்கொண்டே, அது நடந்தது இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

“ஆசீர்வாதம்ட்டி,” என்றாள் அத்தை மெதுவாக. “சத்தமாச் சொல்லாத, கண்ணு பட்டுரும்.”

அந்தத் தொட்டியில் என் மீன்களும் இருந்தன. ஏரியில் துண்டு விரித்துப் பிடித்த பொடி மீன்கள். செடி பெருகப் பெருக அவை மேலே வந்து, இலைகளுக்கு நடுவில் இருந்த சந்துகளில் வாயைத் திறந்து திறந்து மூடின.

“அத்தே, மீனெல்லாம் செடியப் பாக்க மேல வருது!”

“பின்ன வராதா? அதுக்கும் கண்ணு இருக்குல்லா.”

தொட்டியில் தண்ணீர் சீக்கிரம் சீக்கிரமாக வற்றியது. செடிக்குத் தாகம் என்று அத்தை தெருக்குழாயிலிருந்து இன்னும் இரண்டு குடம் கொண்டுவந்து ஊற்றினாள். சாயங்காலம் மாமா பனியனோடு உட்கார்ந்து தொடையைத் தொடையைத் தட்டிக்கொண்டிருப்பார். “ஏட்டி, இந்த வருஷம் என்ன இவ்வளவு கொசு?” என்று கேட்பார். பக்கத்து வீட்டுச் சாக்கடை என்று அத்தை பதில் சொல்வாள். பண்டிகை நெருங்கும்போது தொட்டியில் தண்ணீரே கண்ணுக்குத் தெரியவில்லை, முழுக்க இலை. மீன்களையும் காணவில்லை. அவை அடியில் சுகமாக இருக்கின்றன என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பண்டிகைக்கு முந்தின நாள் பூத்தது. இளம் ஊதா. ஒரு தண்டில் கொத்தாகப் பூக்கள். ஒவ்வொரு பூவிலும் மேல் இதழில் மட்டும் மயிலிறகில் இருப்பதுபோல நீலமும் அதற்குள் ஒரு சொட்டு மஞ்சளும். அத்தை தெருவையே கூப்பிட்டுக் காட்டினாள். அன்று இரவு பால் பவுடர் டப்பாக்களையும் பழைய பெயிண்ட் வாளிகளையும் தேய்த்துக் கழுவி, வெள்ளித்தாள் ஒட்டினோம். பூத்த செடிகளை அவற்றில் விட்டோம். மறுநாள் காலை ஆட்டோவில் ஒரு வாளியை என் மடியில் வைத்துக்கொண்டு போனேன். தண்ணீர் தளும்பி என் புது கவுன் நனைந்தது. நான் வாளியை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அவ்வளவு பெருமை.

பூசணிகளுக்கும் வாழைத்தார்களுக்கும் நடுவில் அந்த ஊதா வரிசை ராணி மாதிரி நின்றது. ஆயரே குனிந்து பார்த்து, “இது என்ன செடிம்மா?” என்றார்.

“ஊட்டித் தாமரை ஐயா. என் வீட்டுத் தொட்டில வளந்தது.” அந்த ‘என் வீட்டு’ என்பது கடைசி வரிசை வரை கேட்டிருக்கும்.

பெரியம்மா எல்லோரும் பார்த்து முடித்தபின் வந்தாள். குனிந்தாள். ஒரு செடியைத் தண்ணீரிலிருந்து தூக்கி, கறுப்பாகக் குஞ்சம்போலத் தொங்கிய வேரைப் பார்த்தாள். உப்பிய காம்பை விரலால் அழுத்தினாள். திரும்பி அத்தையைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

அத்தை மார்க் ஷீட்டை நீட்டிவிட்டு நிற்கிற பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தாள். “நல்லாத் திருப்பிப் பாருங்க மதினி, நம்பர் கிம்பர் இருக்கப்போவுது,” என்றாள். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் மதினி என்றுதான் கூப்பிடுவோம். இந்தத் தடவை பெண்கள் பக்கம் சிரித்தது அத்தைக்காக.

பெரியம்மா வாயை மூடிக்கொண்டாள். செடியை மெதுவாகத் தண்ணீரிலேயே வைத்தாள். “நம்பர் இல்ல. நல்லா வளத்திருக்க,” என்றாள். அத்தைக்குக் கண் நிறைந்துவிட்டது.

பிறகு என்னைத் தூண் பக்கம் கூப்பிட்டாள். “அந்தத் தொட்டில மீன் விட்டிருந்தியே, இருக்கா?”

“பூச்செடியப் பாக்க மேல மேல வந்துச்சு பெரியம்மா. வாயெல்லாம் தொறந்து தொறந்து பாத்துச்சு. இப்பக் காணோம்.”

அவள் என்னைக் கிட்டே இழுத்தாள். என் நனைந்த கவுனைப் பார்த்து, முந்தானையால் துடைத்துவிட்டாள். பெரியம்மா அப்படியெல்லாம் செய்கிறவள் இல்லை.

ஏலம் போடுகிறவர் பாடகர் குழுவில் உரத்த குரல்காரர். தாம்பரத்தில் டயர் கடை வைத்திருந்தார். வாழைத்தார் போனது, சேவல் போனது, பெரியம்மாவின் நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டில் வழக்கம்போல அடிதடியில் போனது. பிறகு ஊட்டித் தாமரையின் முதல் டப்பாவைத் தூக்கினார்.

“பாத்துக்கோபா, ஊட்டி சரக்கு! மண்ணு வாணாம், எரு வாணாம், தண்ணி மட்டும் ஊத்து, மீதிய அது பாத்துக்கும்! யாருபா கேக்கறது?”

ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயரான தாத்தா ஒருவர், வெள்ளை மீசைக்காரர், விடாமல் கேட்டு அதை எடுத்தார். அவர் வீடு ஏரிக்கு நேர் எதிரே.

“இன்னா சார், டிவி மேல வைக்கப்போறியா?”

“டிவி மேல வச்சா நான் ஒருத்தன்தானே பாப்பேன்? எங்க வீட்டுக்கு எதிர்ல ஏரில விடப்போறேன்யா! கிறிஸ்மஸ் வர்றதுக்குள்ள ஏரி பூரா ஊதாவா இருக்கும். செம்பாக்கமே நின்னு பாக்கட்டும்!”

எல்லோரும் கைதட்டினார்கள். நான் எம்பி எம்பித் தட்டினேன். ஏரி முழுக்க அத்தையின் பூ! அந்தக் கைதட்டலுக்கு நடுவில் பெரியம்மா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள்.

இரண்டாவது டப்பாவுக்கு அவள் கை தூக்கினாள். மேடவாக்கத்திலிருந்து வரும் ஒரு குடும்பம், வீட்டுக் கிணற்றில் போடலாம் என்று கேட்டது. பெரியம்மா மேலே கேட்டாள். அவர்கள் ஏற்றினார்கள். அவளும் ஏற்றினாள். கூட்டம் திரும்பிப் பார்த்தது. அவள் ஏலத்தில் கை தூக்கி யாரும் பார்த்ததே இல்லை. மூன்றாவது வாளியையும் அவள்தான் எடுத்தாள். நாலாவதுக்கு ஆயரின் மனைவியே ஆசைப்பட்டுக் கேட்டார். பெரியம்மா அவரையும் விடவில்லை. பாடகர் குழுப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து கேட்டுப் பார்த்தார்கள். ம்ஹூம்.

பெரியப்பா அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். “உக்காரு. என்ன ஆச்சு உனக்கு? உடம்பு சரியில்லையா?”

“நீங்க சும்மா இருங்க.”

“டீச்சரம்மா கை கீழயே எறங்க மாட்டேங்குதுபா!” என்று ஏலக்காரர் குதித்தார். “சார் மூஞ்சப் பாரு, தீபாவளியும் போச்சு கிறிஸ்மஸும் போச்சு! ஒரு தரம்! ரெண்டு தரம்!”

“போடு டீச்சர்! விடாத!” என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது, அப்படிக் கத்தினேன். என் அத்தையின் செடிக்கு, என் பெரியம்மா, ஊரையே எதிர்த்து நின்று ஏலம் கேட்கிறாள்! அத்தை வேப்பமரத்தில் சாய்ந்து, முந்தானையை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தாள்.

கடைசி வாளியும் பெரியம்மாவுக்கே வந்தது. மூச்சு வாங்க அவள் நேராக அந்தக் கார்டு தாத்தாவிடம் போனாள்.

“அண்ணா, அந்த டப்பாவையும் எனக்குக் குடுத்துருங்க.”

“அது எப்படி டீச்சர்? ஒண்ணு விடாம நீங்களே வச்சுக்குவீங்களா? எனக்குன்னு ஒண்ணு வேணாமா?”

“நீங்க கேட்டதுக்கு மேலயே தர்றேன்.”

“காசு பெருசில்ல. ஏரில விடணும்னு ஆசப்பட்டுட்டேன்.”

பெரியம்மா கொஞ்சம் யோசித்தாள். “நார்த்தங்காய் ஊறுகாய். வருஷா வருஷம் ஒரு பெரிய பாட்டில். நீங்க இருக்கற வரைக்கும்.”

தாத்தா மீசையைத் தடவினார். “எலுமிச்சையும் சேத்து?”

“எலுமிச்சையும் சேத்து.”

டப்பா கை மாறியது. கூட்டம் ஓவென்று சத்தம் போட்டது. ஊறுகாயை டீஸ்பூன் நுனியில் வைக்கிறவள் ஆயுசுக்கும் பாட்டில் பாட்டிலாகத் தருகிறேன் என்கிறாள். அத்தை ஓடிவந்து எல்லோர் முன்னாலும் பெரியம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

“தொட்டில இன்னும் இருக்கா?” என்று கேட்டாள் பெரியம்மா, அந்தக் கட்டுக்குள் இருந்தபடியே.

“தாய்ச்செடியும் குட்டிகளும் இருக்கு மதினி.”

“அதையும் எனக்குத் தந்துரு. வெளியில யாருக்கும் குடுக்காத. இது நம்ம குடும்பத்துக்குள்ள மட்டும் இருக்கட்டும்.”

“உங்களுக்கு இல்லாததா மதினி!”

அன்று சாயங்காலமே மாமா ஒரு ரிக்‌ஷாவில் அத்தனையையும் ஏற்றிக்கொண்டு போனார். பெரியம்மா எங்கள் பக்கம் வந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அத்தையின் தொட்டியைத் தானே அடிவரை தேய்த்துக் கழுவிவிட்டுப் போனாள். மதினிக்கு என்மேல் இவ்வளவு பாசமா என்று அத்தை மாய்ந்துபோனாள். அதன்பிறகு அவர்கள் இருவரும் பிரியவில்லை. தாம்பரம் மார்க்கெட்டுக்குச் சேர்ந்தே போவார்கள். பெரியம்மா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்தில் படுத்திருந்தது அத்தைதான். ஊட்டித் தாமரை பற்றி ஒரு வார்த்தையும் அவர்களுக்குள் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. கார்டு தாத்தாவுக்கு அவர் இருந்தவரை ஊறுகாய் போயிற்று, இரண்டு பாட்டில். ஏரிக்கு அந்தச் செடி பின்னால் வேறு ஏதோ வழியில் வந்து சேர்ந்தது. எங்கள் கோயில் வழியாக வரவில்லை.

பண்டிகைக்கு மறுநாள் திங்கட்கிழமை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அத்தை ஒரு தூக்குவாளியில் மீன் கழுவிய தண்ணீரை ஊற்றி, செடிகளுக்கு நல்லது என்று பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். பெரியம்மா மொட்டை மாடியில் இருந்தாள். வற்றல் காயவைக்கிற பாயில் அத்தனை செடிகளும் வேர் மேலே இருக்கும்படி கவிழ்ந்து கிடந்தன. இலைகள் துவண்டிருந்தன. பூக்கள் சுருங்கிக் கறுத்துவிட்டன. அவள் ஒரு குச்சியால் ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிக் கொல்கிற அளவுக்கு அத்தைமேல் இவளுக்குக் கோபமா என்று நினைத்து எனக்கு அழுகை வந்தது.

“அத்தை கேட்டா, செடியெல்லாம் வெயில்ல இருக்குன்னு சொல்லு,” என்றாள்.

நான் அத்தையிடம் அப்படியே சொன்னேன். வெயில் நல்லதுதான் என்றாள் அத்தை.